முந்தானையில் எட்டுக் கட்டம்

எனக்குக் கோபம் வரும். வந்தால் சின்னதாக வராது. மலையடிவாரத்தில் எங்கள் ஜவுளிக் கடைக்கு இந்தப் பக்கம் இருக்கிற பூக்கடைக்கும் அந்தப் பக்கம் இருக்கிற தேங்காய்க் கடைக்கும் அது நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் கிருத்திகை அன்று காலையில் எனக்கு வந்தது கோபம் இல்லை. கோபப்படுவதற்கு யார் மேல் என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அதுவே தெரியவில்லை.

காலை ஏழு மணி. என் வீட்டுக்காரர் ஆர்.கே.பேட்டையிலிருந்து முதல் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, கடைக்குள் ஒரு பையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் பெயர் குணசேகரன். இதை எழுதுவேனே தவிர வாயால் சொன்னதில்லை. தாய்மாமன் மகன் என்பதால் சின்ன வயதிலிருந்தே பாவா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பேட்டையில் விசைத்தறியோடு இருப்பார், நான் திருத்தணியில் கடையோடு இருப்பேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடும்பம் நடத்துவோம். அந்தச் சமயத்தில் அதுவும் இல்லை. நாங்கள் பேசிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

பையைப் பிரித்தேன். மஞ்சள் புடவை, குங்குமச் சிவப்பில் கரை. நெசவில் ஒரு குறை சொல்ல முடியாது. முந்தானையின் கடைசி ஓரத்தை விரித்தேன். அங்கே ஒரு விரல் அகலத்துக்கு, சிவப்பு நூலில், மணியம்மை என்று ஒரு பெயர் இருக்க வேண்டும்.

பெயர் இல்லை. கட்டம் இருந்தது.

சின்னச் சின்னதாக, உள்ளே காலியாக, பக்கத்தில் பக்கத்தில் எட்டுக் கட்டம். அப்புறம் கொஞ்சம் இடைவெளி. மறுபடி எட்டுக் கட்டம், மறுபடி இடைவெளி. முந்தானையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் கூட்ஸ் வண்டி போவது போலப் போய்க்கொண்டிருந்தது. புடவையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் கட்டம்தான். வேறு ஆர்டரோ என்று பையை உதறிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

சாமிக்குச் சாத்துகிற துணியில் பெயர் நெய்து தருவது எங்கள் கடையில் நாலு வருஷமாக நடக்கிறது. மடிப்புக்குள் போய்விடுகிற இடத்தில்தான் போடுவோம். வெளியே யாருக்கும் தெரியாது. கொடுத்தவருக்கும் சாமிக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். நகரி, புத்தூர் பக்கத்திலிருந்தும் வருவார்கள். வெளியூர்க்காரர்களுக்காக என் அண்ணன் மகள் கவிப்பிரியா ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்திருந்தாள். என்ன நிறம், என்ன நீளம், பார்டரில் என்ன வேண்டும் என்று எல்லாம் இங்கிலீஷில் கேட்கும். ஆட்களும் இங்கிலீஷிலேயே மயில், கோபுரம், வேல் என்று போடுவார்கள். பெயர் வேண்டுமானால் போனில் சொல்வார்கள், நான் துண்டுச் சீட்டில் எழுதிப் பேட்டைக்குப் பஸ்ஸில் கொடுத்தனுப்புவேன்.

இந்த ஆர்டர் மட்டும் வேறு மாதிரி வந்தது. அனுப்பியவர் சுந்தரமூர்த்தி. சொந்த ஊர் கனகம்மாசத்திரம், நாக்பூரில் மில் வேலை பார்த்து அங்கேயே தங்கிவிட்டவர். பார்டர் என்கிற இடத்தில் அவரே தமிழில் மணியம்மை என்று அடித்து அனுப்பியிருந்தார். அனுப்பிவிட்டுப் போனும் செய்தார்.

"அம்மா, பேர நானே தட்டி அனுப்பிட்டேன். ஒத்த விரலால தட்டறதுக்கு மூணு நாள் பழகினேன். வந்துகீதா பாருங்க."

பார்த்தேன். என் போனில் பளிச்சென்று இருந்தது.

"ஆங், வந்துகீதுங்க."

"அது என் வூட்டுக்காரம்மா பேருங்க. போயிட்டாங்க. எனக்குக் கண்ணு ஆபரேஷன் நல்லபடியா ஆனா வள்ளிக்குப் பொடவை சாத்தறேன்னு வேண்டிகினு இருந்தாங்க. கண்ணு வந்துடுச்சு. அவங்க போயிட்டாங்க. சாவு வூட்டுக்காரன் ஒரு வருஷம் மலை ஏறக் கூடாதுன்னு இருந்தேன். வருஷம் முடிஞ்சு வர்ற மொத கிருத்திகைக்கு வரேன். வேற ஒண்ணும் வேணாங்க, பேரு மட்டும் சரியா வந்துடணும்."

சரியாக வரும் என்று வாக்குக் கொடுத்தேன். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் எனக்கும் பாவாவுக்கும் சண்டை. சித்தூர்க்காரர் ஒருவர் வெறும் கோடு போட்ட கரை கேட்டிருந்தார். பாவா, பார்க்க அழகாக இருக்குமே என்று நடுவில் ஒரு மயிலை நெய்து அனுப்பிவிட்டார். அந்த மனிதர் திருப்பி அனுப்பிவிட்டார். நான் பேட்டைக்கே போய், தறி ஓட்டுகிற ஆட்கள் முன்னால் அரை மணி நேரம் கத்தினேன். உன் மூளையை யார் கேட்டார்கள் என்று கேட்டேன். அதோடு பேச்சு நின்றது.

அதனால் மணியம்மை ஆர்டருக்குத் துண்டுச் சீட்டு எழுதவில்லை. தறி ஓட்டுகிற தீனதயாளனுக்குப் போன் போட்டேன். "வெப்சைட்ல ஆர்டர் வந்துகீது. பார்டர்ன்ற எடத்துல இன்னா கீதோ அத்த அப்படியே போடச் சொல்லு. ஒரு புள்ளி கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாது. சொல்லிடு உங்க மொதலாளிகிட்ட" என்றேன். பெயர் என்று ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லவில்லை. அதை அப்புறம் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

பாவா டீ குடித்துவிட்டு வந்தார். நான் முந்தானையை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"இன்னா பாவா இது?"

பதினெட்டு நாள் கழித்து நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. பாராட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார், பாவம்.

"நல்லா வந்துகீது இல்ல? நூல் கூட அறுவல. தீனன்தான் எட்டு கட்டம்னா கணக்கு ஒத்து வரல, பத்தா போட்டா ஓரம் சரியா முடியும்னான். நான்தான் வேணாம்னேன். அவ எண்ணிப் பாப்பா, எட்டுன்னா எட்டுதான்னேன்."

"பேரு எங்க?"

"இன்னா பேரு?"

பெயர், பெயர் என்று நான் சொல்கிறேன். கட்டம், கட்டம் என்று அவர் சொல்கிறார். கடைசியில் அவர் தன் போனை எடுத்தார். "நீ கேப்பேன்னு தெரியும். அதான் நெய்யறதுக்கு முன்னாடியே படம் புடிச்சு வெச்சேன்" என்று காட்டினார்.

தறிக் கொட்டகையில் இருக்கிற கம்ப்யூட்டர் பழையது. டிசைன் வரைகிற சாப்ட்வேர் அதில் மட்டும்தான் ஓடும் என்பதால் பதினைந்து வருஷமாக அதை மாற்றவில்லை. அதன் திரையைத்தான் அவர் படம் பிடித்திருந்தார். எங்கள் வெப்சைட்தான். நிறம் மஞ்சள் என்று இங்கிலீஷில் இருந்தது. நீளம் இருந்தது. சுந்தரமூர்த்தி என்று இங்கிலீஷில் இருந்தது. பார்டர் என்பதற்கு நேராக எட்டுக் கட்டம் இருந்தது. சின்னச் சின்னதாக, உள்ளே காலியாக.

நான் என் போனில் அதே ஆர்டரைத் திறந்தேன். மணியம்மை என்று இருந்தது.

இரண்டு போனையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பாவா குனிந்து என்னுடையதைப் பார்த்தார். நான் குனிந்து அவருடையதைப் பார்த்தேன். ஒரே ஆர்டர், ஒரே நம்பர், ஒரே தேதி.

"யாரோ மாத்திட்டாங்க" என்றார்.

"யாரு மாத்தினா? எதுக்கு மாத்தினா?"

"அப்ப உன் போன் தப்பா காட்டுது."

"என் போன் காட்டறது ஒரு பொம்பளையோட பேரு பாவா. தப்பா காட்டினா அது எப்படிப் பேரா வரும்?"

கட்டத்தைப் பார்த்ததும் இது என்ன என்று கேட்கத் தோன்றவில்லையா என்று கேட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். பூவும் எழுத்தும் நெய்கிற ஜக்கார்டு தறி வாங்குகிற வரைக்கும் அந்தக் கொட்டகையில் இருபது வருஷம் கட்டம் போட்ட லுங்கிதான் நெய்தார்கள். கட்டத்தைப் பார்த்து இது என்ன என்று கேட்கிற ஆள் ஆர்.கே.பேட்டையிலேயே இருக்க மாட்டார். அதிலும் இருப்பதை இருக்கிறபடியே போடச் சொல்லி உத்தரவு வேறு.

போனை எடுத்துக்கொண்டு மூலையில் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ஜெயப்பிரகாஷ் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கினார். அவருடைய கம்ப்யூட்டரில் எங்கள் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அங்கேயாவது உண்மை தெரியும் என்று நம்பினேன். திறந்தது. மணியம் வரைக்கும் ஒழுங்காக வந்தது. கடைசி எழுத்தில் மட்டும் ம தனியாக நின்றது, அதன் சுழி விலகிப்போய்ப் பக்கத்தில் புள்ளியால் ஆன ஒரு வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இது இன்னாங்க வட்டம்?"

"அது அப்படித்தான்கா வரும். கண்டுக்காதீங்க. பிரவுசர் அப்டேட் பண்ணாம கீது."

"எங்க தறியில கட்டமா வருதே?"

"ஆங், அங்க தமிழ் எழுத்துக்கு பான்ட் இல்ல. அதான் கட்டம்."

"அப்ப எதுங்க நெஜம்?"

"எல்லாம் ஒண்ணுதான்கா" என்று சொல்லிவிட்டு அவர் ஊதுவத்தி ஏற்றப் போய்விட்டார்.

எல்லாம் ஒன்றுதானாம். கட்டமும் பெயரும் வட்டமும் ஒன்றுதானாம். எனக்கு அழுகை வந்தது. கடைக்குத் திரும்பி வந்து சென்னையில் இருக்கிற கவிப்பிரியாவுக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தாள். அவள் லேப்டாப்பில் மணியம்மை என்று சரியாகத் தெரிகிறதாம்.

"அத்தை, உள்ள கீறது எழுத்தே இல்ல. வெறும் நம்பரு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். அந்த நம்பருக்கு இன்னா எழுத்துன்னு மிஷினுக்குத் தெரிஞ்சா எழுத்தா காட்டும். தெரியலன்னா, இங்க ஏதோ ஒண்ணு கீது, எனக்கு எழுதத் தெரியலன்னு ஒரு கட்டம் போட்டு வெச்சிடும்."

"அஞ்சு எழுத்துதானடி? எட்டு கட்டம் எப்படி வந்துது?"

"ணி மேல கொக்கி போடறோமே, அது தனி நம்பர். ம் மேல புள்ளி, அது தனி. மை-க்கு முன்னாடி வர்ற சுழி, அதுவும் தனி."

"புள்ளிக்கு ஒரு கட்டமா?"

"ஆமா அத்தை."

"புள்ளிக்கும் எழுத்துக்கும் ஒரே சைஸு கட்டமா?"

"அத்தை, இன்னா ஆச்சு? எதுக்கு இதெல்லாம் கேக்கற?"

என்ன ஆயிற்று என்று சொன்னேன். "அத்தை, கட்டத்த நெசவே பண்ணிட்டீங்களா?" என்றாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. போனை வைத்துவிட்டேன்.

அவள் சொன்னதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதிதான் இன்னும் குழப்பியது. போனில் இருப்பது பெயர் இல்லை, நம்பர். கம்ப்யூட்டரில் இருப்பதும் அதே நம்பர். அப்படியானால் அந்த அம்மாவின் பெயர் எங்கேதான் இருக்கிறது? நாக்பூரில் அந்த மனிதர் ஒற்றை விரலால் தட்டினாரே, அந்த விரலோடு நின்றுவிட்டதா? புடவையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எட்டுக் கட்டமும் ஒரே அச்சு. இதில் புள்ளி எது, ம எது என்று எந்தச் சாமி கண்டுபிடிக்கும்?

மணி எட்டரை. சுந்தரமூர்த்தி ஒன்பதரை ரயிலில் வருவதாகச் சொல்லியிருந்தார். மாலையில் அவருக்கு நாக்பூர் வண்டி. மறுபடி தறிக்கு டிசைன் அட்டை குத்தி நெய்ய மூன்று நாளாவது வேண்டும். ஊசி நூலால் கட்டத்துக்குள் எழுத்தைப் போட்டுவிடலாமா என்று பார்த்தேன். கடுகு வைக்கத்தான் இடம் இருந்தது.

"ஒண்ணு பண்ணலாம்" என்றார் பாவா. "முந்தானைய உள்ள வெச்சு மடிச்சிடறேன். மேல போனா சாமிகிட்ட குடுக்கப் போறாரு. யாரு பிரிச்சுப் பாக்கப் போறாங்க?"

நான் அவரைத் திட்டவில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மடித்தார், நான் நூல் கட்டினேன், மேலே இரண்டு முழம் மல்லியும் வைத்தேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

சுந்தரமூர்த்தி பத்தரை மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர். வெள்ளை வேட்டி, தடித்த கண்ணாடி, தோளில் ஒரு துணிப் பை. சரவணப் பொய்கையில் குளித்துவிட்டு வந்திருந்தார், தலை ஈரமாக இருந்தது. நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"பேரு எங்க வருதுங்க? காட்டுங்களேன்."

பாவா என்னைப் பார்த்தார். நான் பூவை எடுத்து வைத்தேன். நூலை அவிழ்த்தேன். முந்தானையை விரித்துக் கடைசி ஓரத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி குனிந்தார். புடவையைக் கையில் எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"என் கண்ணுக்குப் பொட்டி பொட்டியா தெரியுதும்மா" என்றார் மெதுவாக. "டாக்டரு இனிமே ஒண்ணும் வராதுன்னாரே. மறுபடியும் போயிடுச்சு போலகீது."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தப்பு என் தலையிலிருந்து இறங்கி அவர் கண் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அவர் கும்பிட்டுவிட்டு மலை ஏறிவிடுவார். ஒரு விநாடி நான் பேசாமல் இருந்தேன். அந்த ஒரு விநாடிக்காக எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

"உங்க கண்ணு நல்லாகீதுங்க" என்றேன். "அது பொட்டிதான். நாங்கதான் அப்படி நெய்ஞ்சிட்டோம்."

எல்லாவற்றையும் சொன்னேன். பழைய கம்ப்யூட்டர், அண்ணன் மகள் சொன்ன நம்பர், புள்ளிக்கு ஒரு கட்டம், மயில், பதினெட்டு நாள் பேசாமல் இருந்தது வரைக்கும் சொன்னேன். கோர்வையாகச் சொன்னேனா என்று தெரியாது. பாவா நடுவில் நடுவில் தன் போனை நீட்டிக்கொண்டே இருந்தார். வேறொன்று நெய்து அடுத்த கிருத்திகைக்கு நானே சாத்திவிட்டுப் படம் அனுப்புகிறேன் என்றேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் மலை மேல் இருக்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன்.

அவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாப்பத்தோரு வருஷம்மா. இந்தா, இந்தான்னுதான் கூப்டுகினு இருந்தேன். பேர் சொல்லிக் கூப்டதே கெடையாது. எங்க வூட்ல ஆம்பளைங்க யாரும் கூப்ட மாட்டாங்க. எங்கயாவது பேர் கேட்டாக்கூட என் பையன்தான் சொல்வான். கடைசியா ஆஸ்பத்திரில படுத்துகினு, ஒரு தபா என் பேர் சொல்லிக் கூப்டுய்யான்னு கேட்டா. பையன், மருமவ, நர்ஸு எல்லாம் நின்னுகினு கீறாங்க. எனக்கு வெக்கமா போச்சு. ராத்திரி யாரும் இல்லாதப்ப கூப்டலாம்னு இருந்தேன். சாயங்காலமே பூட்டா."

பாவா தன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அதான் எழுதியாவது வெக்கலாம்னு பாத்தேன்" என்று சொல்லி முந்தானையை விரலால் தடவினார். கட்டங்களை எண்ணினார். "உங்க அண்ணன் பொண்ணு இன்னா சொல்லிச்சு? இங்க ஏதோ ஒண்ணு கீது, எழுதத் தெரியலன்னுதான?"

"ஆங், அப்படித்தான் சொன்னா."

"சரிதான்" என்றார். புடவையை அவரே மடித்தார். மடிக்கத் தெரியவில்லை, கோணலாக வந்தது. அதை நான் சரி செய்யவில்லை.

அவரைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. கடையைப் பாவாவிடம் விட்டுவிட்டு நானும் கூடப் போனேன். ஆட்டோவில் போகலாம் என்றதற்கு, தன் வீட்டுக்காரம்மா எப்போதும் படியில்தான் ஏறுவாள் என்றார். கிருத்திகைக் கூட்டம். படிக்குப் படி மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டு பெண்கள் குனிந்து குனிந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மண்டபத்துக்கு மண்டபம் உட்கார்ந்து ஏறினோம். அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

மேலே வஸ்திரம் வாங்குகிற இடத்தில் வரிசை. எங்களுக்கு முன்னால் நகரிப் பக்கத்திலிருந்து ஒரு காவடிக் கூட்டம், பம்பை உடுக்கையோடு தெலுங்கில் பாடிக்கொண்டு நின்றது. பக்கத்தில் நிற்கிறவர் பேசினாலே காதில் விழாது. எங்கள் முறை வந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவர் புடவையை வாங்கி வைத்துக்கொண்டு ரசீதுக்காகப் பேனாவை எடுத்தார்.

"உபயம் யார் பேர்லங்க?"

சுந்தரமூர்த்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் மகனை இப்படித்தான் பார்த்திருப்பார். என் வாய் வரைக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. காலையிலிருந்து நூறு தடவை சொல்லிச் சொல்லி நாக்கில் தயாராக இருந்த பெயர். என் வாய் சும்மா இருந்த சரித்திரமே கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் உள்ளே இருப்பவர் பக்கம் திரும்பினார். உதடு அசைந்தது.

"கேக்கலைங்க."

"மணியம்மை" என்றார். எனக்கே கேட்டும் கேட்காமல் விழுந்தது.

"பெரியவரே, மேளம் அடிக்கறாங்க இல்ல? சத்தமா சொல்லுங்க!"

அவர் இரண்டு கையாலும் முன்னால் இருந்த பலகையைப் பிடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது.

"மணியம்மை!"

அது பெயர் சொல்கிற குரல் இல்லை, கூப்பிடுகிற குரல். ஏறிவந்த படிகள் வரைக்கும் கேட்டிருக்கும். காவடிக்காரர்கள் திரும்பினார்கள். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய ஒரு குழந்தை திரும்பியது. உள்ளே இருந்தவர் பெயரை எழுதிவிட்டு ரசீதைக் கிழித்து நீட்டினார். அதை வாங்கிக்கொள்ளாமல், சுந்தரமூர்த்தி பின்னால் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நானும் திரும்பிப் பார்த்தேன்.